தகவும் வேலியும்: அப்பர் வாக்கில் ஓர் அருஞ்சொல்

மறைநூல்களில் இடம்பெறும் சொற்களை இருவகையாகப் பகுக்கலாம். ஓதுவோர் நாவிலும் கேட்போர் செவியிலும் நாள்தோறும் வழங்கிப் பொருள் தேய்ந்துபோனவை ஒருவகை. உலக வழக்கிலிருந்து நீங்கி, ஓதும்போது மட்டும் ஒலித்து, பொருள் ஆராயப்படாமலே கடந்து செல்பவை மற்றொருவகை. முன்னையவற்றின் பொருளை அறிவதற்கு, அறிந்துவிட்டதாகக் கொள்ளும் எண்ணமே தடையாகின்றது. பின்னையவற்றைப் பற்றி வினவுவோரே இலர். திருநாவுக்கரசு நாயனாரின் திருநேரிசைப் பாடலொன்றில் வரும் 'தகவு' என்னும் சொல் இரண்டாம் வகையைச் சார்ந்ததாகும்.

நான்காம் திருமுறையில் அமைந்துள்ள அப்பாடல் உழவுத் தொழிலை அகவாழ்வுக்கு உருவகமாக்கி உரைப்பது. அதில் உண்மை உழவாகின்றது, விருப்பு விதையாகின்றது, பொய்ம்மை களையாகின்றது, பொறுமை நீராகின்றது. இவை நிகழ்ந்தபின் உழவன் தன்னையும் நோக்கிப் பார்த்து, தகவை வேலியாக அமைக்கின்றான். அதன்மேலும் செம்மையினின்று வழுவாது நிற்பானாயின் அவனுக்குச் சிவகதி விளைகின்றது. உழவு, விதை, களை, நீர் ஆகியவற்றின் உட்பொருள் எவருக்கும் எளிதில் விளங்கும். வேலியின் உட்பொருள் அவ்வாறு விளங்குவதில்லை. தகவு என்பது யாது? அது வேலியாவது எங்ஙனம்? அவ்வேலி எதனைத் தடுத்து நிறுத்துகின்றது?

இவ்வினாக்களைச் சொல்லாராய்ச்சி மட்டுமாகக் கொண்டு நூலகத்திலிருந்தே விடை கூறிவிடலாம். ஆயின், வேலியின் பெயராலும் நீரின் பெயராலும் மாந்தர் பெருந்துன்பம் உற்ற ஒரு நிலப்பரப்பில் வைத்து நோக்கும்போது இவை அறவியல் வினாக்களாக மாறிவிடுகின்றன. திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயல்களால் சூழப்பட்ட கிளிவெட்டி அத்தகையதோர் இடமாகும். உழவும் தேவாரமும் ஒருங்கே வழங்கும் அவ்வூரை மனத்திற்கொண்டு இவ்வருஞ்சொல்லின் பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'தகு' என்னும் அடியிற் பிறந்தது தகவு. அதே அடியிற் பிறந்த தகுதி, தக்கது, தகாதது முதலியன இன்றும் வழக்கில் உள்ளன. தகவு மட்டும் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அண்மைக் காலத்தில் அறிவியற் கலைச்சொல்லாக்கம் செய்தோர் விகிதத்தைக் குறிப்பதற்கு இச்சொல்லை மீட்டெடுத்துள்ளனர். இரண்டு அளவுகளை ஒன்றோடொன்று ஒப்ப வைத்துக் காணும் அப்பயன்பாடு இச்சொல்லின் பழம்பொருளுக்கு முற்றிலும் அயலானதன்று.

அகராதிகள் இதற்குத் தகுதி, பெருமை, அருள், நடுவுநிலைமை, அறிவு, நல்லொழுக்கம் எனப் பல பொருள்களைத் தருகின்றன. இலக்கிய ஆட்சியை நோக்கின் இவற்றுள் இரண்டு முதன்மை பெறுகின்றன. அவற்றுள் ஒன்று நடுவுநிலைமையாகும். திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே, ஒருவர் தக்கவரா தகவற்றவரா என்பது அவர் விட்டுச் செல்லும் எச்சத்தினால் அறியப்படும் என்று வள்ளுவர் கூறுகின்றார். அங்கே தகவு இல்லாதவர் என்பதற்கு நடுவுநிலைமை இல்லாதவர் என்றே பரிமேலழகர் பொருள் கொள்கின்றார். அவ்வதிகாரத்தின் முதற்குறளில் வரும் தகுதி என்னும் சொல்லுக்கும் அவர் கொள்ளும் பொருள் அதுவே. பகைவர், அயலார், நண்பர் என்னும் மூன்று பகுதியாரிடத்தும் முறை வழுவாது ஒழுகுவதே அத்தகுதி என அவர் விளக்குவது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றொன்று அருள் என்னும் பொருளாகும். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில், பத்தாம் பத்தில், ஆனிரை மேய்க்கப் புறப்படும் கண்ணனைப் பிரிய ஆற்றாத ஆயர்மகள் அவனைத் தகவு இல்லாதவன் என்று கடிந்துரைக்கின்றாள். அவள் அவனிடம் வழக்குத் தீர்ப்பை வேண்டி நிற்கவில்லை. தன் துன்பத்தைக் கண்டு மனமிரங்காமையையே குற்றமாகக் கூறுகின்றாள். ஆகவே அங்கே தகவு என்பது இரக்கமாகும்.

ஒருவன் முகம் பாராது அளந்து கொடுப்பது நடுவுநிலைமை. ஒருவன் முகத்தைப் பார்த்து மனம் நெகிழ்வது அருள். ஒன்றற்கொன்று முரண்படுவனபோலத் தோன்றும் இவ்விரு பண்புகளையும் ஒரே சொல் ஏந்தி நிற்பது வியப்பிற்குரியது. அப்பர் பாடலில் இவற்றுள் எதனைக் கொள்வது என்பதை வேலி என்னும் உருவகத்தைக் கொண்டே துணிதல் வேண்டும்.

வேலியின் இயல்பு

வேலியைப் பற்றிப் பொதுவாக எழும் எண்ணம் அது பிறரைத் தடுப்பதற்கு உரியது என்பதாகும். உழவர்கள் வேலியை இதனினும் நுட்பமாக அறிவர். இலங்கையின் நெற்செய்கைப் பகுதிகளில் ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் விவசாயிகள் கூட்டமொன்றில் ஒன்றுகூடுவர். வாய்க்காலில் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிவடைய வேண்டிய நாள், வேலி அடைத்து முடிக்கவேண்டிய நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றவேண்டிய நாள் என்பன அங்கே தீர்மானிக்கப்படும். வயல்வெளி முழுவதையும் சூழ்ந்து பொதுவேலி அடைக்கும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் காணியின் அளவுக்கேற்ப வேலிப்பங்கு உண்டு. ஒருவர் தம் பங்கை அடைக்காது விட்டாராயின் அவ்விடைவெளியால் நுழையும் கட்டாக்காலி மாடு அவருடைய பயிரோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த வயலையும் அதற்கடுத்த வயலையும் மேய்ந்துவிடுகின்றது.

இவ்வழக்கத்திலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வேலி பயிரின் பொருட்டு அமைவது; உடையவனின் பெருமையின் பொருட்டு அமைவதன்று. எனவே தகவு என்பதற்குப் பெருமை என்னும் அகராதிப் பொருள் இங்கே பொருந்தாது. தன் குலம், செல்வம், கல்வி ஆகியவற்றின் மேன்மையைத் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்பவன் பயிரைக் காப்பவன் ஆகான். இரண்டாவதாக, வேலி உரிய எல்லையில் நிற்றல் வேண்டும். அயலான் காணிக்குள் ஒரு முழம் நகர்த்தி இடப்பட்ட வேலி எத்துணை உறுதியாயினும் அது களவின் அடையாளமே. எல்லையை அறிந்து நிற்றல் நடுவுநிலைமையின்பாற்படும். மூன்றாவதாக, மனிதர் போகவும் வரவும் கடப்பு இல்லாத வேலியை ஊரில் எவரும் அடைப்பதில்லை. அயல்வீட்டிற் பிள்ளை அழும்போதும் இழவு விழும்போதும் கடப்பு வழியாகவே மனிதர் ஓடிச் செல்கின்றனர். அக்கடப்பே வேலியில் அருளுக்கு உரிய இடமாகும்.

ஆகவே நடுவுநிலைமை, அருள் என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்து மற்றொன்றைத் தள்ளவேண்டிய தேவை இல்லை. அருள் இல்லாத நடுவுநிலைமை கடப்பில்லாத வேலியாகும். நடுவுநிலைமை இல்லாத அருளோ தனக்கு வேண்டியவர் பக்கமெல்லாம் சாய்ந்து கிடக்கும் வேலியாகும். இரண்டும் ஒருங்கே அமைந்தபோதுதான் அது தகவு என்னும் பெயருக்கு உரியதாகின்றது.

தன்னை நோக்குதல்

இனி, இவ்வேலி எதனைத் தடுக்கின்றது என்பது வினா. உழவு நிகழ்வது ஒருவனுடைய நெஞ்சிலேயாயின், அப்பயிரை மேயவரும் மாடு எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவுக்கு விடை பாடலிலேயே உள்ளது. வேலியைக் கூறுவதற்கு முன் அப்பர் உழவன் தன்னை நோக்கிக் காண்பதைக் கூறுகின்றார். அங்கே அவர் ஆளும் சொல் 'தம்மையும்' என உம்மை பெற்று நிற்கின்றது. பயிரை நோக்குவதோடு தம்மையும் நோக்குதல் என்பது அவ்வும்மையின் குறிப்பாகக் கொள்ளத்தக்கது. பயிருக்குக் கேடு செய்யவல்லவருள் பயிரிட்டவனும் ஒருவன். அவனுடைய சினமும் பேராசையும் செருக்கும் புறத்தேயிருந்து நுழைவன அல்ல. அவை அவன் தொழுவத்திலேயே நிற்கும் மாடுகள். எனவே தகவு என்னும் வேலி பிறரை விலக்குவதற்கு முன் உடையவனை மறிக்கின்றது எனக் கொள்வதே பாடலின் வைப்புமுறைக்கு இயைந்ததாகும்.

இப்பொருள் அப்பருடைய வரலாற்றோடும் இயைகின்றது. வேளாண் குடியிலே திருவாமூரில் பிறந்து, சமண நெறியைச் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்று, பின்னர்ச் சைவத்துக்கு மீண்டவர் அவர். தன்வினை வந்து சேராவண்ணம் வாயிலை அடைத்தலைச் சமணர் 'சம்வரம்' என்பர். தமிழ்ச் சமண நூல்கள் அதனைச் 'செறிப்பு' என வழங்குகின்றன. அந்நெறியில் வாழ்ந்த ஒருவர் அதனை அறியாதிருந்திருக்க முடியாது. பல்லவ வேந்தன் அவரைச் சுண்ணாம்பு நீற்றறையில் இட்டதாகவும் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்ததாகவும் சேக்கிழார் பாடுகின்றார். அத்துணைத் துன்பமும் உற்றவராகச் சைவ மரபு போற்றும் அடியவர் கையில் பிற்காலத்தில் ஏந்தியது வாளன்று. திருக்கோயில் வீதியிற் புல்லைச் செதுக்கும் உழவாரமே.

தன்னை மறிக்கும் எல்லை என்னும் கருத்து ஏனைய மறைகளிலும் காணப்படுகின்றது. யூதரின் மிஷ்னாவில், தோராவுக்கு ஒரு வேலி அமைக்குமாறு முன்னோர் அறிவுறுத்தியதாகக் கூறப்படுகின்றது. விலக்கப்பட்டதை நெருங்குமுன்னரே ஒருவன் தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் அதன் கருத்தாகும். திருக்குர்ஆன் இறைவன் வகுத்த எல்லைகளை 'ஹுதூத்' எனக் கூறி, அவற்றை மீறலாகாது என எச்சரிக்கின்றது. பௌத்தரின் பாளி நூல்கள் புலன்களின் வாயிலைக் காத்தலை 'இந்திரிய சம்வரம்' என்கின்றன. கிளிவெட்டியைச் சூழ்ந்த நிலப்பரப்பிலே சைவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் பௌத்தரும் வாழ்கின்றனர். அவரவர் மறை அவரவரைத் தம் எல்லைக்குள் நிற்குமாறு பணிக்கின்றது. அயலானின் எல்லையைக் குறுக்குமாறு எம்மறையும் பணிக்கவில்லை.

வேலி பயிரை மேய்ந்த காலம்

ஆயின் அந்நிலப்பரப்பில் நிகழ்ந்தது யாது? அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் பின்னர் அங்கே தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களின் வயல்கள் அடுத்தடுத்து அமைந்தன. 1985 இல் மூண்ட வன்செயல்களில் அப்பகுதியின் தமிழ்க் கிராமங்களும் சிங்களக் குடியேற்றங்களும் உயிர்களை இழந்தன. 1996 பெப்ரவரி 11 ஆம் நாள் கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களும் அடங்கிய 24 பொதுமக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். மக்களைக் காப்பதற்கென அமைந்த படையைச் சேர்ந்தோரே அதனைச் செய்தனர். வேலியே பயிரை மேய்தல் என்னும் பழமொழிக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அப்பர் பொறுமையை நீர் என்றார். 2006 ஜூலையில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த மாவிலாற்று மதகு மூடப்பட்டது. நீரை நம்பியிருந்த பல்லாயிரம் விவசாயக் குடும்பங்களின் வயல்கள் காய்ந்தன. மக்களின் உரிமைக்காகப் போராடுவதாகக் கூறியோர் உழவரின் நீரை ஆயுதமாக்கினர். மதகைத் திறப்பதற்கென அரசு தொடங்கிய படை நடவடிக்கை பெரும்போராக விரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி ஓடினர். சம்பூர்த் தமிழ் மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் மீண்டு வந்தபோது தம் ஊருக்குள் நுழைய இயலாது கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிலும் பிறவிடங்களிலும் தங்கினர். சிலர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவ்வாறே கழித்தனர். 2007 இல் அவர்களது நிலத்தைச் சூழ்ந்து உயர்பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் நிலம் 2015 இல் மீளக் கையளிக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கடற்படை முகாம் அமைந்திருந்த நிலம் 2016 இல் விடுவிக்கப்பட்டது.

தம் வயலுக்குத் தாம் இட்ட வேலிக்குள் வாழ்ந்தவர்கள், தம் வயலைச் சூழப் பிறர் இட்ட முட்கம்பி வேலிக்கு வெளியே பத்தாண்டுகள் நின்றனர். இரண்டுமே வேலிதான். முன்னையது எல்லையை அறிந்து நின்றது. பின்னையது எல்லையைத் தானே வகுத்துக்கொண்டது. முன்னையதில் கடப்பு இருந்தது; பின்னையதில் காவலரண் இருந்தது. வேலி என்பது தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. தகவினால் ஆகிய வேலியா, அச்சத்தினாலும் வலிமையினாலும் ஆகிய வேலியா என்பதே அதன் தன்மையைத் துணிகின்றது.

இழந்தவரிடமும் தகவை வேண்டலாமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். இத்துணை இழந்தவர்களை நோக்கி நடுவுநிலைமையும் அருளும் உடையவராக இருங்கள் எனக் கூறுவது அவர்களுக்கு இழைக்கப்படும் மற்றோர் அநீதி ஆகாதா? குமாரபுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் பொறுமையை நீராகப் பாய்ச்சுமாறு கூறும் உரிமை எவருக்கு உண்டு? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அறவுரையின் பெயரால் வலியோர் மெலியோரை வாய்மூடச் செய்த வரலாறு எல்லாச் சமயங்களிலும் உண்டு.

இதற்கு விடை தகவு என்னும் சொல்லிலேயே தேடற்பாலது. தகவு வெறும் இரக்கமாயின் அது மறதியைக் கேட்கும். தகவு நடுவுநிலைமையும் ஆதலால் அது மறதியைக் கேட்பதில்லை. அளந்து கூறுதலைக் கேட்கின்றது. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டும் உவமை துலாக்கோல். அது நன்றையும் தீதையும் உள்ளவாறே காட்டுவது. தீதின் தட்டில் உள்ளதைக் கண்டும் காணாது விடுவதன்று. குமாரபுரக் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் அறுவரையும் 2016 ஜூலை 27 ஆம் நாள் அநுராதபுர மேல்நீதிமன்றம் விடுதலை செய்தது. கொலையுண்டோர் 24 பேர் என்பது மறுக்கப்படவில்லை. கொன்றவர் எவர் என்பது மட்டும் இருபதாண்டுகள் கழிந்தும் தீர்ப்பில் இடம்பெறவில்லை. அச்செயலுக்கு உரியவரைக் கேட்டு நிற்பது பழிவாங்குதல் ஆகாது. வேலியில் திறந்து கிடக்கும் பகுதியைச் சுட்டிக்காட்டுதல் போன்றதே அது. அதனைச் சுட்டிக்காட்டுவோரை அமைதியைக் குலைப்போர் எனக் கூறுதல் தகவன்று.

அதே வேளையில் பரிமேலழகர் காட்டிய மூன்று பகுதிகளையும் மறத்தலாகாது. பகைவர் செய்த கொலையை எண்ணும் கோலாலேயே நம்மவர் என்று கருதப்படுவோர் செய்த கொலையையும் எண்ணுதல் வேண்டும். குமாரபுரத்தைக் கூறுவோர் மாவிலாற்றையும் கூறவேண்டும். சம்பூர் மக்களின் நடையைக் கூறுவோர் மூதூர் மக்களின் நடையையும் கூறவேண்டும். இஃது இழப்புகளைச் சமமென நிறுவுவதற்காக அன்று. துயரத்தைத் துயரத்தோடு நிறுத்து ஈடுசெய்ய எவராலும் இயலாது. பிறர் துயரைக் கூறும்போது தன் துயர் குறைந்துவிடும் என்னும் அச்சத்திலிருந்து நெஞ்சைக் காப்பதற்காகவே இது வேண்டப்படுகின்றது. அவ்வச்சம் நுழையும் வயலில் உண்மை என்னும் உழவு வீணாகின்றது.

எனவே தகவு இழந்தவர்மேல் சுமத்தப்படும் கடமை மட்டும் அன்று. இழந்தவர் தம் கோரிக்கையை நிறுத்தி நிற்கும் நிலமும் அதுவே. தகவை ஏற்றவர்க்கே தகவின்மையைக் குற்றமெனக் கூறும் வலிமை உண்டு. ஆயர்மகள் கண்ணனை அச்சொல்லாற் கடிந்தாள் என்பது மீண்டும் எண்ணத்தக்கது. இறைவனிடமே கேட்கத்தக்க அதனை அரசிடமும் இயக்கத்திடமும் நீதிமன்றத்திடமும் கேட்பது பொருந்தாதெனக் கூறுவார் எவர்?

முடிவுரை

உழவைப் பாடும் அதிகாரத்தில், களையெடுத்தபின் நீர் பாய்ச்சுவதினும் பயிரைக் காத்தலே சிறந்தது என வள்ளுவர் கூறுகின்றார். அப்பரும் உழவு முதல் நீர் வரை யாவற்றையும் கூறி, அவற்றின் பின்னரே வேலியைக் கூறுகின்றார். உண்மையை விரும்பி, பொய்யை நீக்கி, பொறுமையோடு வாழ்ந்த ஒருவனும் தகவின்றித் தன் பயிரை இழந்துவிடக் கூடும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. நல்லவர் பலர் சேர்ந்த சமுதாயம் கொடுமைக்கு இடமளித்த நிகழ்ச்சிகளை எண்ணுவோர் இதன் உண்மையை உணர்வர். அங்கே உழவும் இருந்தது, விதையும் இருந்தது. அவரவர் தம் வேலிப்பங்கை அடைக்காது விட்டனர்.

கிளிவெட்டி வயல்களில் பெரும்போகத்துக்கு முன் வேலி அடைக்கும் உழவர் வேலியின் வரலாற்றைப் பேசிக்கொண்டிருப்பதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, எங்கே கம்பு உக்கியது, எங்கே கம்பி அறுந்தது என்று பார்க்கின்றனர். அவ்வாறு பார்க்கும்போது தம் பங்கையே முதலிற் பார்க்கின்றனர். அப்பர் வாக்கில் தகவுக்கு முன்னே நிற்கும் 'தம்மையும்' என்னும் சொல்லுக்கு அவர்கள் நடை தக்கதோர் உரையாகும்.